மரச்செக்குக்கு மானியக் கடன்: மூன்றரை லட்சம் இலவசம் என்பது எந்த அளவுக்கு உண்மை?

போளூர் பக்கத்துக் கிராமம், வயது 31, தையல் கம்பெனியில் ஆறு வருட வேலை, கையில் 80,000 ரூபாய் சேமிப்பு, வீட்டை ஒட்டிச் சொந்தக் கொட்டகை என்று எழுதியிருக்கிறீர்கள். மரச்செக்கு வைக்க 10 லட்சம் கடன் வாங்கினால் அதில் மூன்றரை லட்சம் இலவசம், கட்ட வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்கிறார், முடித்துத் தர 15,000 கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் “வேலையை இந்த மாசமே விட்டுடலாமா” என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதச் சம்பளம் நின்ற பிறகு இந்த அரசாங்கப் பணம் உங்களைத் தாங்குமா என்பதுதான் உங்கள் கவலை. நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 27 வருடம் வேலை பார்த்தேன், பெரும்பகுதி கிராமக் கிளைகளில். இந்த மானியக் கடன்களைக் கொடுத்தவன், மறுத்தவன், வசூலுக்கும் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது. அவர் சொல்லும் திட்டம் இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், எல்லோரும் பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். பழைய இரண்டு திட்டங்களைச் சேர்த்து 2008-இல் தொடங்கியது. மத்திய அளவில் காதி கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது. உங்களுக்கு நேரடி அலுவலகம் திருவண்ணாமலையிலுள்ள மாவட்டத் தொழில் மையம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு போகலாம். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் சாதிச் சான்றிதழைப் பற்றிய கேள்வியே இல்லாமல் உங்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம், கிராமப்புறமாக இருப்பதால் மானியம் 35 சதவீதம். இதையே ஒருவர் நகரத்தில் வைத்தால் 25 சதவீதம்தான். 18 வயது முடிந்தால் போதும். மேல் வயது வரம்பும் வருமான வரம்பும் கிடையாது. பத்தாவது முடிக்கவில்லை என்று தயங்கியிருந்தீர்கள். உற்பத்தித் தொழிலில் திட்ட மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். 10 லட்சத்துக்குள் நின்றால் படிப்பு ஒரு தடையே இல்லை.

இனி அந்த “இலவசம்” என்ற வார்த்தைக்கு வருவோம். 10 லட்சம் திட்டம் என்றால் நீங்கள் போடுவது 50,000. வங்கி கொடுப்பது ஒன்பதரை லட்சம். மானியம் மூன்றரை லட்சத்தை அரசாங்கம் உங்கள் கையில் கொடுப்பதில்லை, உங்கள் சேமிப்புக் கணக்கிலும் போடுவதில்லை. வங்கி முதல் தவணைக் கடனை விடுவித்து, நீங்கள் தொழில்முனைவோர் பயிற்சியை முடித்த பிறகு, வங்கியே அதைக் கேட்டு வாங்கி உங்கள் பெயரில் மூன்று வருட டெபாசிட்டாகப் பூட்டி வைத்துக்கொள்ளும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. மூன்று வருடம் செக்கு ஓடியிருந்தால், நேரில் வந்து சரிபார்த்த பிறகு, அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். நடுவில் தொழில் நின்று போனால் மானியம் அரசாங்கத்துக்குத் திரும்பும், முழுக் கடனும் உங்கள் தலையில் நிற்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். பாக்குமட்டைத் தட்டு செய்ய எங்கள் கிளையில் கடன் வாங்கிய ஒரு தம்பி, நல்ல உழைப்பாளி, பதினான்காவது மாதம் நிறுத்திவிட்டார். இயந்திரத்தில் குறை ஒன்றும் இல்லை. மட்டை வாங்கக் கையில் பணம் இல்லை, தட்டு வாங்கிய கடைக்காரர்கள் இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுத்தார்கள். “சார், என் பேர்ல டெபாசிட் இருக்கே, அதை எடுத்துக் கொடுங்க, ஒரு லோடு மட்டை இறக்கிக்கிறேன்” என்று என் மேஜை முன்னால் வந்து நின்றார். கொடுக்க வழியில்லை. அவர் பெயரில் இருந்த பணம் அவருக்கு உதவாத இடத்தில் இருந்தது. கடன் வாங்கும் நாளில் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

ஆகவே உங்கள் கணக்கில் மானியம் இல்லாத மூன்று வருடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒன்பதரை லட்சத்தில் மூன்றரையைக் கழித்தால் வட்டி ஓடுவது 6 லட்சத்துக்கு. 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 13,000 ரூபாய். ஆனால் வங்கி சில சமயம் முழு ஒன்பதரை லட்சத்தின் அசலையும் பிரித்துத் தவணை போட்டுவிடும். வட்டி 6 லட்சத்துக்கு மட்டும் என்றாலும் அப்போது மாதத் தவணை 19,000-ஐ ஒட்டிப் போகும். இது கிளைக்குக் கிளை மாறியதைப் பார்த்திருக்கிறேன். சாங்ஷன் கடிதத்தில், அதாவது வங்கி கடனை அனுமதித்துத் தரும் தாளில், கையெழுத்துப் போடுவதற்கு முன் “தவணை எந்தத் தொகைக்கு, தவணை ஆரம்பிக்க எத்தனை மாத அவகாசம், அந்த மாதங்களுக்கான வட்டியை எப்போது கட்ட வேண்டும்” என்ற மூன்றையும் கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். நடைமுறை மூலதனத்தை, அதாவது பருப்பு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய பணத்தை, கேஷ் கிரெடிட்டாக (ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடனாக) தனியாகக் கொடுத்தால் அந்தப் பகுதிக்கு மாத வட்டி மட்டும் கட்டினால் போதும், தவணை அந்த அளவுக்குக் குறையும்.

இந்தத் தவணையை எண்ணெயாக மாற்றிப் பாருங்கள். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு வரை போகும். பருப்பு கிலோ 120 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பருப்பு 300 ரூபாய். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் புண்ணாக்கு வரும், அதில் 55 ரூபாய் அளவுக்குத் திரும்பும். எண்ணெயை 300-க்கு விற்றால் லிட்டருக்கு 55 மிச்சம். பாட்டில், கரண்ட், வண்டிக்கூலி, சிந்துவது சிதறுவது போக 40 ரூபாய் நின்றால் நல்லது. 13,000 தவணை கட்ட மாதம் 325 லிட்டர் விற்க வேண்டும். 19,000 என்றால் 475 லிட்டர். இதில் உங்கள் வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. இப்போது வாங்கும் சம்பளம் 12,000 என்று சொன்னீர்கள். அதையும் எடுக்க வேண்டுமானால் இன்னும் 300 லிட்டர். ஆக நாளுக்கு 20 முதல் 25 லிட்டர். உங்கள் ஊரிலும் பக்கத்து மூன்று ஊரிலும் எத்தனை வீட்டில் மாதம் இரண்டு லிட்டர் உங்களிடம் வாங்குவார்கள்? பாக்கெட் எண்ணெயைவிட விலை கூடுதலான எண்ணெயை வாங்கக்கூடிய வீடுகளை மட்டும் எண்ணுங்கள். என்னிடம் வந்த விண்ணப்பங்களில் இயந்திரத்தின் விலை பைசா சுத்தமாக இருக்கும், விற்பனை என்ற இடத்தில் ஒரு உருண்டை எண் இருக்கும். மேனேஜராக நான் முதலில் விரல் வைத்துக் கேட்டது அந்த எண்ணைத்தான்.

கடலைக்காட்டில் இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. விவசாயிகள் வீட்டுத் தேவைக்குத் தங்கள் பருப்பைத் தாங்களே கொண்டு வந்து ஆட்டிக்கொண்டு போவார்கள். கூலிக்கு ஆட்டுவதில் லாபம் குறைவு, ஆனால் பருப்பு வாங்க உங்கள் பணம் முடங்காது, விற்காத எண்ணெய் டின்னில் நிற்காது. முதல் வருடம் பாதிக்கு மேல் கூலி ஆட்டமாக வைத்துக்கொள்ளும் செக்குகள் தாக்குப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சொந்தமாகப் பருப்பு வாங்குவதை அறுவடை முடிந்து விலை இறங்கும் வாரங்களுக்கு ஒதுக்குங்கள். அப்படியானால் திட்ட அறிக்கையில் நடைமுறை மூலதனம் எவ்வளவு போடுவது என்பதை யோசித்துப் போட வேண்டும், ஏனென்றால் அதில் பலருக்கும் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. மானியம் பூட்டியிருக்கும் மூன்று வருடத்துக்குள் அந்தக் கேஷ் கிரெடிட் வரம்பை ஒரு தடவையாவது முழுவதுமாகத் தொட்டிருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. இல்லையென்றால் அந்த அளவுக்கு மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மானியம் கூடும் என்று மூலதனத்தை ஏற்றிப் போட்டுவிட்டுத் தொடாமல் வைத்தாலும் நஷ்டம், அதே பணத்தை எடுத்து வீட்டுக்குக் கூரை போட்டாலும் நஷ்டம்.

நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. கொட்டகை சொந்தமாக இருப்பதால் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் 5 எச்.பி. மோட்டார் என்று இயந்திரக்காரர் சொன்னால் த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும். மின்வாரிய அலுவலகத்தில் கம்பம் எவ்வளவு தூரம், என்ன செலவாகும் என்று இன்றைக்கே விசாரியுங்கள். செக்கு வந்து இறங்கிய பிறகு இணைப்புக்காகக் காத்திருந்த மாதங்களிலும் வட்டி ஓடும்.

பிணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, இந்தத் திட்டத்துக்கும் அதுவே. கடனில் வாங்கும் இயந்திரமும் சரக்கும் வங்கிக்கு அடமானமாக இருக்கும், அது இயல்பானது. வங்கிக்குப் பாதுகாப்பாக 2000-இல் தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான். நீங்கள் கட்டாமல் போனால் உங்கள் கடன் தீர்ந்துவிடாது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு சிக்கியவர்கள் நிறையப் பேர். ஆனாலும் ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தால் பிணை கேட்காமல் கொடுக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தொழில் மையம் உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்பும், கடன் கொடுப்பதா இல்லையா என்பதை வங்கி முடிவு செய்யும். வராக்கடன் ஆனால் தன் பெயரில் விளக்கம் கேட்பார்களே என்ற பயம் மேனேஜருக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் விற்பனைக் கணக்கும், நீங்கள் ஏற்கெனவே பேசி வைத்திருக்கும் இரண்டு மளிகைக்கடைகளும்தான். தாலுகா ஆபீஸிலிருந்து யாரையாவது போன் பண்ணச் சொல்வது அதைச் செய்யாது. பத்திரம் கேட்டே தீருவேன் என்று நின்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைப்பவர் அவர், இதைக் கேட்பது அவர் வேலையே.

விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்கள் சிபில் அறிக்கையை, அதாவது பழைய கடன்களை நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவை, எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். மகளிர் குழுக் கடனிலோ மைக்ரோ ஃபைனான்ஸிலோ ஒரு தவணை தவறியிருந்தாலும் அது அங்கே உட்கார்ந்திருக்கும். என் மேஜையில் நல்ல திட்டங்கள் நின்று போனதற்கு இது ஒரு பெரிய காரணம். வந்தவர்களுக்கே அது தெரிந்திருக்காது. குழுவில் வேறொருத்தர் கட்டாததற்கு இவர்கள் பெயர் கெட்டிருக்கும்.

அந்த 15,000 பற்றி. கொடுக்காதீர்கள். இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கும் கட்டணம் இல்லை, மாதிரித் திட்ட அறிக்கைகள் பி.எம்.இ.ஜி.பி. இணையதளத்திலேயே கிடைக்கும். உங்களுக்குக் கணினி பழக்கம் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் அவர்கள் கட்டணத்தைக் கொடுத்துப் பதிவேற்றிக்கொள்ளலாம், தொழில் மையத்திலும் உதவுவார்கள். இந்த மாதிரி ஆட்கள் அடுத்து செய்வது இயந்திரக் கொட்டேஷனை ஏற்றிப் போடுவது. ஐந்து லட்சம் செக்கை ஏழு லட்சம் என்று காட்டி, வங்கி நேராக விற்பனையாளருக்குப் பணம் அனுப்பியதும், வித்தியாசத்தை “உங்களுக்கே திருப்பித் தருகிறோம், கமிஷன் போக” என்பார்கள். அந்தப் பணத்துக்கும் நீங்கள்தான் வட்டி கட்டுவீர்கள், சரிபார்ப்பில் மாட்டினால் மானியமும் போகும். அவர் பெயர் எங்கேயும் இருக்காது. கையெழுத்து உங்களுடையது.

சிலர் உங்களுக்கு வேறு திட்டங்களையும் சொல்லியிருக்கிறார்கள். முத்ரா என்பது 2015-இல் வந்த கடன், அதில் மானியம் கிடையாது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தமிழக அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் மானியம் 25 சதவீதம்; உங்கள் ஊருக்கு 35 கிடைக்கும்போது அது இரண்டாம் பட்சம். கவனிக்க வேண்டியது 2020-இல் வந்த உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான திட்டம், பி.எம்.எஃப்.எம்.இ. என்பார்கள். எண்ணெய்ச் செக்கு அதில் வரும். மானியம் அதே 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம், சொந்தப் பங்கு 10 சதவீதம். முக்கியமான வித்தியாசம் என்னவென்றால், பி.எம்.இ.ஜி.பி. புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கும் கிடையாது, கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். பி.எம்.எஃப்.எம்.இ. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிறு செக்குக்கும் உண்டு. அதனால் சேமிப்பில் சின்னதாக ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் முதல் கதவு மூடிவிடும், இரண்டாவது திறந்திருக்கும். சாங்ஷனுக்கு முன்னால் எந்த இயந்திரத்தையும் இறக்காதீர்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதனால்தான். இரண்டு திட்டங்களுமே 2025-26 வரை என்று அனுமதிக்கப்பட்டவை, ஆகையால் தொழில் மையத்தில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி “இந்த நிதியாண்டில் எது நடப்பில் இருக்கிறது, மாவட்டத்துக்கு இலக்கு மிச்சம் இருக்கிறதா” என்பதாக இருக்கட்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதது காலம். விண்ணப்பத்திலிருந்து பணம் கைக்கு வர என் அனுபவத்தில் மூன்று மாதமும் ஆகியிருக்கிறது, எட்டு மாதமும் ஆகியிருக்கிறது. மார்ச் நெருங்கும்போது இலக்கை முடிக்க எல்லோரும் ஓடுவார்கள், ஏப்ரலில் கோப்புகள் தூங்கும். அதேபோல உங்கள் எண்ணெய் விற்குமா என்பதும் எனக்குத் தெரியாது. வங்கிக்காரனுக்குக் கணக்கு தெரியும், உங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்.

எனவே வேலையை இந்த மாதம் விட வேண்டாம். 80,000 சேமிப்பில் சொந்தப் பங்குக்கு 50,000 போனால் மிச்சம் 30,000, இரண்டரை மாதச் சம்பளம். செக்கு ஓட ஆரம்பித்து முதல் ஆறு மாதம் வீட்டை நடத்துவது அந்தப் பணம்தான், அது போதாது. கணவரின் வருமானத்தில் வீட்டுச் செலவு முழுவதும் ஓடும் என்றால் கணக்கு வேறு; ஓடாது என்றால் இந்த 30,000 குறைந்தது 70,000 ஆகும்வரை தையல் வேலை தொடரட்டும். விண்ணப்பமும் பயிற்சியும் மின் இணைப்பும் அதுவரை நடக்கும். பயிற்சி 5 லட்சத்துக்கு மேல் திட்டம் என்றால் பத்து நாள்தான், லீவு போட்டுப் போய்வரலாம். மாவட்டத்தில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, சாப்பாடு தங்குமிடத்தோடு இலவசம். எண்ணெய்த் தொழில் வகுப்பு எப்போது என்று அங்கே கேட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரணி, சேத்துப்பட்டுப் பக்கம் ஏற்கெனவே ஓடும் ஒரு செக்கில் போய் உட்கார்ந்து, காலையிலிருந்து மாலை வரை எத்தனை பேர் வருகிறார்கள், அதில் எத்தனை பேர் கூலிக்கு, எத்தனை பேர் எண்ணெய் வாங்க என்று நான்கு வாரம் எழுதுங்கள். தவணைக்கு நான் போட்ட 325 லிட்டர் பக்கத்தில் உங்கள் எண்ணை எழுதி, இரண்டு கொட்டேஷனோடு இங்கே போட்டால், திட்ட அறிக்கையில் எதை எங்கே குறைக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.